அரை மணி நேரம் ஃபேன் ஓடாத வீடு

டை கட்டிய அந்த ஆள், ரப்பர் வயிற்றிலிருந்து தொங்கிய குழாயைப் பையின் குழாயோடு சேர்த்து ஒரு திருகு திருகிவிட்டு, "பஸ், ஹோ கயா அங்கிள்ஜி" என்று சிரித்தான். இவ்வளவுதான், முடிந்தது என்று அர்த்தம். கையில் உறை மாட்டியிருந்தான். அந்த உறையோடுதான் சற்று முன்னால் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து யாருக்கோ பதில் அனுப்பினான். நான் பார்த்தேன். அங்கே உட்கார்ந்திருந்த எல்லோரும் பார்த்தார்கள். முடித்ததும் கைதட்டினார்கள். இதற்குப் பெயர் பயிற்சி.

தில்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஏசி அளவுக்கு மேல் குளிர்ந்த ஓர் அறையில் அது நடந்தது. வயிற்று டயாலிசிஸ் செய்துகொள்ளப் போகிறவர்களின் வீட்டாருக்கு, பை விற்கிற கம்பெனியே நடத்துகிற வகுப்பு. சுவரில் படம் காட்டினார்கள். படத்தில் ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டே கை கழுவினாள். அப்புறம் டீ, சமோசா. சமோசா தின்ற கையைத் துடைத்துக்கொண்டு எல்லோரும் வரிசையாகப் போய் ரப்பர் வயிற்றை ஆளுக்கு ஒரு தடவை தொட்டோம். உடனே சான்றிதழ், போட்டோ. இட்லிக்கு மாவு பதம் பார்க்கத் தெரிவதற்குக்கூட இதைவிட அதிக நாள் ஆகும்.

நான் அங்கே போனது என் மனைவிக்காக. சர்க்கரை அவளுடைய இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டது. முதலில் ஆஸ்பத்திரி மெஷினில் போட்டுப் பார்த்தார்கள். போட்டபோதெல்லாம் பிரஷர் இறங்கி, கண் செருகி, பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. கடைசியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவங்க இதயம் மெஷினைத் தாங்காது. வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்வது ஒன்றுதான் பாக்கி. ஆனால் குழாய் வழியாகக் கிருமி உள்ளே போகக் கூடாது. போனால் குழாயை எடுக்க வேண்டி வரும். எடுத்துவிட்டால் அப்புறம் என் கையில் ஒன்றும் இல்லை" என்றார். அவர் இந்தியும் இங்கிலீஷும் கலந்து சொன்னார். எனக்குப் பத்தாம் வகுப்புப் படிப்புதான், ஆனால் அது நன்றாகவே புரிந்தது.

காரியம் என்னவென்றால், ஒரு பையில் சுத்தமான திரவம் இருக்கும். வயிற்றுக்குள் ஏற்கெனவே கிடக்கிற பழைய திரவத்தைக் கீழே ஒரு காலிப் பையில் வடிய விட வேண்டும். மேலே தொங்குகிற புதியதை உள்ளே விட வேண்டும். அப்புறம் குழாயின் வாயைப் புது மூடியால் மூட வேண்டும். காலை, மதியம், சாயங்காலம், படுக்கப் போகுமுன். தினமும், ஆயுசு இருக்கிற வரை. குழாயின் வாய் திறந்திருக்கிற நேரம் கண் மூடித் திறக்கிற நேரம்தான். அந்த நேரத்தில் விரல் பட்டாலோ தூசி விழுந்தாலோ மூச்சு பட்டாலோ போச்சு. அதனால்தான் ஃபேன், ஏசி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். ஜன்னலைச் சாத்த வேண்டும். வாயில் துணி கட்ட வேண்டும். கையை முழங்கை வரை கழுவ வேண்டும்.

வகுப்புக்கு என்னோடு என் மச்சானும் வந்திருந்தார், மனைவியின் அண்ணன். பெரிய இலாகா ஒன்றில் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் இன்னொரு இலாகாவில் ரெக்கார்டு ரூமில் ஃபைல் கட்டி முடித்தவன். இரண்டு குடும்பமும் ஒரு காலத்தில் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம், இப்போது துவாரகாவில் பக்கத்துப் பக்கத்து செக்டரில். எங்கள் ஒரே மகள் கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. ஆகவே மச்சான், "நான்தான் பேக்கப். மாப்ளைக்கு இதெல்லாம் ஒத்தையிலே ஆகாது" என்று அவராகவே வந்தார்.

வந்தவர் முன் வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து இங்கிலீஷில் கேள்வியாகக் கேட்டார். அந்தப் பை எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்பது ஒரு கேள்வி. அது பை மேலேயே அச்சடித்திருந்தது. டைக்காரன், "எக்ஸலண்ட் கொஸ்டின் சார்" என்றான். மச்சான் திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பார்த்தீரா என்கிற மாதிரி. ரப்பர் வயிற்றை அவர் தொட்டபோது மூடியை மேஜை மேல் கவிழ்த்து வைத்து, அதையே எடுத்துத் திரும்ப மாட்டினார். டைக்காரன் அதற்கும் "வெரி குட் சார்" என்றான். வீட்டுக்குப் போய்ச் சேருமுன்பே சான்றிதழின் படம் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் வந்துவிட்டது. திருநெல்வேலியிலிருந்து ஒரு முப்பது பேர் கைகூப்பிக் கும்பிட்டிருந்தார்கள்.

என் சான்றிதழை நான் அட்டைப் பெட்டிக்கு அடியில் முட்டாகக் கொடுத்தேன். பொய் சொல்லவில்லை. பைகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கி, ஹாலில் அடுக்கியபோது ஒரு மூலை ஆடியது. அதற்கு அது சரியாக இருந்தது.

குழாய் வைத்த புண் ஆறக் கொஞ்ச நாள் அவளை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். நான் வார்டு சிஸ்டரிடம் கெஞ்சி, தேதி தாண்டிய பை ஒன்றும் ஒரு பழைய குழாயும் சில மூடிகளும் வாங்கினேன். "வீட்டில் யாருக்குப் போடப் போறீங்க?" என்று சிஸ்டர் பயந்துபோய்க் கேட்டார். தலையணைக்கு என்றேன். நிஜமாகவே ஒரு தலையணையில் குழாயைக் கயிறு போட்டுக் கட்டி, கட்டிலில் படுக்க வைத்தேன்.

முதல் நாள் மூடி கை நழுவித் தரையில் ஓடியது. மறுநாள் குழாயைத் திருகும்போது கட்டைவிரல் அதன் வாயில் பட்டது. படக்கூடாத இடத்தில் பட்டால் உடனே நிறுத்தி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவது என்று வைத்துக்கொண்டேன். பாதியிலிருந்து தொடங்குவதில்லை. கை கழுவுவதிலிருந்து. உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரலைச் சுற்றி, நகக்கண், மணிக்கட்டு. அதே வரிசை. நான் காலையில் பூஜையில் உட்கார்ந்தால் எது முதலில் எது அப்புறம் என்று யோசிப்பதில்லை, கை தானாகப் போகும். அப்படிப் போகிற வரைக்கும் இதையும் விடுவதில்லை என்று முருகன் முன்னால் சொல்லிக்கொண்டேன்.

அவள் வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, நான் தலையணைக்கு வைத்தியம் பார்ப்பதைப் பார்த்தாள்.

"தலையணைக்கு நல்ல காலம்" என்றாள். "உசுரு இல்ல. எனக்கு இருக்கு, ஞாபகம் வச்சுக்கிடுங்க."

"இருக்கிறதாலதான ஏளா இந்தப் பாடு."

"கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு டம்ளர் தண்ணி நீங்களா மோந்து குடிச்சதில்ல. உங்க கையை நம்பி என் வயித்தைத் திறந்து வைக்கணும்னு முருகன் எழுதியிருக்கான் பாருங்க. அவனுக்கும் பொழுது போகணுமில்ல."

அவள் இப்படித்தான் பேசுவாள். அவள் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

விபூதி விஷயத்தை அப்போதே தீர்மானித்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஒரு மாத்திரை போட்டாலும் முதலில் விபூதி. ஊசி போடப் போனாலும் விபூதி. அது எங்கள் அப்பா காலத்துப் பழக்கம், நான் விட மாட்டேன். டைக்காரன் வகுப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் காட்டிய வெள்ளைக்காரி வீட்டில் விபூதி மடல் இருந்திருக்காது. நான் யோசித்தேன். கை கழுவின பிறகு விபூதியை எடுத்தால் கை கழுவினதற்கு அர்த்தமே இல்லை. அதனால் முதலில் இருவரும் விபூதி பூசிக்கொள்வோம், சுவாமியை வேண்டிக்கொள்வோம். மடலை எடுத்துப் பூஜை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்துவேன். அதற்கப்புறம்தான் கை கழுவக் குழாயடி. குழாயடியிலிருந்து வந்த கை அவளுடைய குழாயைத் தவிர வேறு எதையும் தொடாது. சாமியையும் தொடாது. சாமிக்குத் தெரியாதா, ஏன் தொடவில்லை என்று?

அப்படியே மாதங்கள் போயின. ஜூன் மாதத்தில் துவாரகாவில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்தி அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அது என்ன தவம் என்று. வேர்வை மூக்கு நுனியில் வந்து நிற்கும், துடைக்கக் கூடாது. அவளுக்கு நெற்றிப் பொட்டு கரைந்து இறங்கும். ஒரு சொட்டு கீழே விழுந்தால்கூட நான் நிறுத்தி முதலிலிருந்து கழுவுவேன். வடிந்த பையை எடுத்து அடியில் காலண்டர் தாளைப் பிடித்துப் பார்ப்பேன். தேதி தெளிவாகத் தெரிந்தால் திரவம் தெளிவு, அன்றைக்கு நாம் பிழைத்தோம். இளநீர் மாதிரி இருக்க வேண்டும். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தால் கிருமி.

மச்சான் ஞாயிற்றுக்கிழமை வருவார். வந்து ஹாலில் உட்கார்ந்து, ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த முறுக்கைத் தானே பிரித்துத் தின்றுகொண்டு, மூடின கதவைப் பார்த்துப் பேசுவார்.

"என்ன மாப்ளே, உள்ளே கும்பாபிஷேகமா? அந்தக் கம்பெனி ஆள் பத்து நிமிஷத்துல முடிச்சான்."

"அவன் ரப்பருக்கு முடிச்சான் மச்சான்."

"நான் ட்ரெயினிங் எடுத்தவன், சொல்லுதேன். இது ரொம்ப சிம்பிள் ப்ரொசீஜர். நீங்க டென்ஷன் ஆகுதீங்க. படிச்சவங்களுக்கும் உங்களுக்கும் அதுதான் வித்தியாசம், தப்பா நினைக்காதீங்க."

"தப்பா நினைக்கலே. நீங்க ஒருநாள் வந்து செய்யுங்களேன், நான் பக்கத்துல நிக்கேன்."

"தேவைப்படும்போது செய்வோம். அதுக்குத்தான ட்ரெயினிங்."

தேவைப்படும்போது செய்வோம் என்று அவர் சொன்ன இந்தச் சொல்லைப் போல ஒரு சோம்பேறிச் சொல் உலகத்தில் கிடையாது. நீச்சல் படித்த சான்றிதழை இடுப்பில் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிக்கிற புத்தி அது. இந்த ஊரில் இப்போது எல்லாவற்றுக்கும் வகுப்பு இருக்கிறது. எங்கள் சொசைட்டியில் தீயணைக்கப் பயிற்சி என்று ஒருநாள் வந்து சிவப்பு உருளையைக் காட்டினார்கள். அடுத்த மாதம் ஒரு வீட்டில் அடுப்படித் திரை பற்றியபோது அத்தனை பேரும் அந்த உருளையைச் சுற்றி நின்று அதை எப்படித் திறப்பது என்று யூடியூபில் தேடினார்கள். அணைத்தது பக்கத்து வீட்டு அம்மாள், ஈரக் கோணிப்பையால். அந்த அம்மாள் வகுப்புக்கு வரவில்லை, அன்றைக்கு வேறு வேலை இருந்ததாம்.

தீபாவளி முடிந்தது. தில்லிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், அதற்கப்புறம் காற்று எப்படி இருக்கும் என்று. எனக்கு இருமல் பிடித்தது, கூடவே காய்ச்சல். வாய்த்துணி கட்டினாலும் இருமல் துணியைத் தள்ளிக்கொண்டு வந்தது. அந்த நிலையில் குழாய்ப் பக்கம் போகக் கூடாது. காலைப் பையை எப்படியோ இருமலை அடக்கி முடித்தேன். மதியம் முடியாது என்று தெரிந்தது. மச்சானுக்குப் போன் செய்தேன். வேறு யாருக்குச் செய்ய?

வந்தார். ஜம்மென்று வந்தார். கோவிலுக்குப் போய்விட்டு நேரே வந்ததாகச் சொன்னார். நெற்றி நிறைய விபூதி, சட்டைப் பையில் இன்னொரு பொட்டலம்.

"மாப்ளே, நீங்க ரெஸ்ட் எடுங்க. அச்சா, பொருளெல்லாம் எங்கே இருக்கு, அதை மட்டும் காமிங்க."

காட்டினேன். சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். அவர், "தெரியும், தெரியும்" என்றார். நான் வாசற்படிக்கு வெளியே, வாயில் துணி கட்டி, கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஃபேனை நிறுத்தினார், நியாயமாகச் சொல்ல வேண்டும், அதைச் செய்தார். வாய்த்துணியை மூக்குக்குக் கீழே விட்டிருந்தார். மேலே ஏற்றச் சொன்னேன், ஏற்றினார். கை கழுவினார். நான் கழுவுவதில் பாதிகூட இல்லை, ஆனாலும் கழுவினார். பையைத் தொங்கவிட்டார். அவளுடைய குழாயைக் கையில் எடுத்தார். மூடியைத் திருகத் தொடங்கினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூடி கழன்றது. அப்போது அவருக்குப் பக்தி வந்தது.

"ஒரு நிமிஷம்மா" என்றார் தங்கையிடம். இடது கையில் திறந்த குழாய். வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டு, பொட்டலத்தை விரலால் கிழித்து, "முருகா, நீதான்ப்பா" என்று அவள் நெற்றியில் இழுத்தார். விரலை உதறியதில் விபூதி அவள் மடியிலும் குழாயிலும் விழுந்தது. அதே விரலால் பையின் குழாயைத் தேடினார்.

"விடுங்க! கிளாம்ப்பை மூடுங்க!" என்று கத்தினேன். கத்தியதில் இருமல் வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்துத் திகைத்து நின்றார். திறந்த குழாயைப் பிடித்தபடியே நின்றார். அவள்தான் குனிந்து குழாயில் இருந்த அந்தக் கிளாம்ப் பூட்டைத் தன் கையாலேயே அழுத்தி மூடினாள். ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. ஆனால் குழாய் வாயில் விபூதி ஒட்டியிருந்தது, வெள்ளையாக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

நான் உள்ளே போய், புது மூடியை எடுத்துக் கொடுத்து, அவளையே மாட்டச் சொன்னேன். சிஸ்டருக்குப் போன் செய்தேன். "அங்கே வேறு ஒன்றும் செய்யாதீங்க. உடனே வாங்க" என்றார்.

டாக்ஸியில் மச்சான் முன் சீட்டில். வண்டி மெயின் ரோட்டுக்கு வந்தது. அப்புறம் ஆரம்பித்தார்.

"ஒரு சிட்டிகை விபூதிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா மாப்ளே? நீங்களும் பூஜை பண்ணுதவர்தான? முருகன் விபூதியை அழுக்குங்கீங்களா?"

"நெத்தியிலே அது விபூதி. குழாய் வாயிலே அது தூசி."

"இது நாஸ்திகப் பேச்சு."

"மச்சான், சாமி அலங்காரத்துக்குப் போறவன் மூக்கைச் சொறிஞ்ச கையோட போவானா? அதுக்குப் பேரு என்ன, நாஸ்திகமா? உங்க தங்கச்சி வயித்தைக் கருவறையா நெனைச்சிருந்தா, திறந்து வச்சுக்கிட்டு சட்டைப் பையிலே கை விடுவீங்களா?"

அவர் டிரைவரைப் பார்த்து, "பையா, ஜல்தி சலோ" என்று விரட்டினார், டிரைவர் மேல் தப்பு இருக்கிற மாதிரி.

என் மனைவி ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்திருந்தாள். அண்ணன் ஓய்ந்ததும் மெள்ளச் சொன்னாள், "அண்ணே, எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ குரூப்புல போடு. தங்கச்சி விபூதியோட போனா, நேரே கைலாசம்தான்னு."



ஆஸ்பத்திரியில் குழாயின் வெளித்துண்டை மாற்றினார்கள். பையில் மருந்து கலந்து ஏற்றினார்கள். எனக்கு இருமல் தீரும் வரை அவளை வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். "கிருமி உள்ளே போயிருந்தால் இந்தச் சில நாளில் தெரிந்துவிடும். வடிகிற திரவம் கலங்கினால் குழாயை எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டி வரும்" என்றார் டாக்டர். எடுத்துவிட்டால் அவர் கையில் ஒன்றும் இல்லை என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

அந்த நாட்களில் நான் வார்டு வாசலில் நின்று, ஒவ்வொரு பை வடிந்ததும் சிஸ்டரின் முகத்தைப் பார்ப்பேன். மச்சான் சாப்பாடு கொண்டு வருவார். வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, உதட்டை அசைத்து ஜபம் பண்ணுவார். நானும் மனசுக்குள் ஜபம் பண்ணினேன். ஆனால் எனக்கு அவர் ஜபத்தைக் கேட்கும்போது எரிச்சலாக வந்தது. முருகன் கை கொடுத்திருக்கிறான், அதைக் கழுவத் தண்ணீர் கொடுத்திருக்கிறான், சோப்பு கொடுத்திருக்கிறான். இவ்வளவும் கொடுத்த பிறகு, நான் கழுவாமல் வருகிறேன் நீ பார்த்துக்கொள் என்று அவனிடம் சொல்வது பக்தியா? சாமியை வேலைக்காரனாக நினைக்கிறவன்தான் அப்படிச் சொல்வான். ஆபீசில் இருந்த பழக்கம் போலிருக்கிறது.

திரவம் கலங்கவில்லை. சிஸ்டர் கடைசிப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, "சுத்தம், அங்கிள்" என்றபோது நான் அந்த வாசல் நடையிலேயே விழுந்து கும்பிட்டேன். எதிரே வந்த ஸ்ட்ரெச்சர்க்காரன் சுற்றிப் போனான். மச்சான், "நான் சொன்னேன்ல, ஒண்ணும் ஆகாதுன்னு" என்றார். அவர் மேல் கை வைக்காமல் இருந்ததற்கு ஒரே காரணம், நான் அப்போதுதான் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளே பேச்சை எடுத்தாள். "இருமல் மறுபடி வரும். இல்லேன்னா வேற எதாவது வரும். உங்க ஒருத்தர் கையை நம்பி என் உசுரு இருக்க முடியாது. இன்னொரு கை வேணும்."

"ஆள் போடலாம்."

"வேண்டாம். அண்ணனுக்குச் சொல்லிக் கொடுங்க."

"அந்த ஆளுக்கா?"

"அவன் என் அண்ணன். அகம்பாவம் உண்டு, பிரியமும் உண்டு. பிரியத்தை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, சரிதான். நீங்க கையை மட்டும் சரி பண்ணுங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

மச்சானிடம் நான் சொல்லவில்லை. அவளே போனில் சொன்னாள். "அண்ணே, நீ கத்துக்கிடலேன்னா எனக்கு வேற ஆள் இல்ல" என்றாள். மறுநாள் வந்தார், முறுக்கு இல்லாமல்.

பழைய தலையணையைத் திரும்ப எடுத்தேன். முதலில் பல நாள் அவரைக் குழாயடியைத் தாண்டவே விடவில்லை. வாட்ச், மோதிரம், ராசிக்கயிறு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். ராசிக்கயிற்றுக்கு ஒரு சண்டை நடந்தது. கயிறா தங்கச்சியா என்றேன். கழற்றினார். சட்டையைக் கழற்றிப் பனியனோடு நிற்கச் சொன்னேன், சட்டைப் பையே இல்லாவிட்டால் கை எங்கே போகும்? கட்டைவிரலை விட்டுவிட்டுக் கழுவுவார். "மறுபடி" என்பேன். கழுவின கையால் தண்ணீர்க் குழாயை மூடுவார். "மறுபடி." ஆபீசில் நாற்பது பேர் இவர் கையெழுத்துக்காக நின்றிருக்கிறார்கள். அந்தக் கைக்கு நகக்கண்ணில் சோப்பு போடத் தெரியவில்லை.

"மாப்ளே, நீங்க இதிலே ஒரு சந்தோஷம் காணுதீங்க" என்றார் ஒருநாள்.

"ஆமா மச்சான்" என்றேன். பொய் எதற்கு?

அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பாள். அவர் தலையணைக் குழாயைத் தவறாகத் தொட்டால், "ஐயோ, தலையணை செத்துது" என்பாள். "அண்ணே, இந்த வாரத்துல எத்தனை தலையணை கொலை? போலீசு வரப் போகுது." அவர் முகம் கறுக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் எழுந்து குழாயடிக்குப் போனார். அதை நான் ஒப்புக்கொள்கிறேன், அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் கொடுக்க மாட்டேன்.

பங்குனி பிறந்த பிறகு எனக்குக் கண் புரை ஆபரேஷன். சில நாள் குனியக் கூடாது, கண்ணில் மூடி. இதற்கு மேல் தள்ளிப் போட முடியாது என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து மதியம் வந்தேன். என்னை அறைக்குள் விடவில்லை. அவள்தான் விடவில்லை.

"நீங்க நின்னா அவன் உங்களைப் பாப்பான், குழாயைப் பாக்க மாட்டான். வெளியே உக்காருங்க."

ஹாலில் பெட்டிகளுக்கு நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே அண்ணனும் தங்கையும் விபூதி பூசிக்கொண்டார்கள். பூஜை அலமாரிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சரி. ஃபேன் நின்றது. சரி. மச்சான் பனியனோடு வெளியே வந்து, என்னைப் பார்க்காமல் கையைக் கழுவிவிட்டு, முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அப்புறம் சத்தமே இல்லை. நான் பெருமாள், முருகன், பிள்ளையார் எல்லோரையும் கூப்பிட்டேன். ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு என்ன வேலை?

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "அண்ணே, கட்டில் சட்டத்துல கை பட்டுது."

"லேசாத்தாம்மா..." என்று தொடங்கினார்.

எனக்கு எழுந்துவிடத் தோன்றியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். கதவை முழங்கையால் திறந்துகொண்டு திரும்பவும் வந்தார். தண்ணீர்க் குழாயைத் திறந்தார். முதலிலிருந்து கழுவினார், உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல். நானே கழுவினால் ஆகிற நேரம் அவருக்கும் ஆனது. திரும்ப உள்ளே போனார்.

முடிந்து வந்தபோது பனியன் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. வடிந்த பையை என் ஒற்றைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பைக்கு அந்தப்புறம் அவருடைய மூக்கு, மீசை எல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

"கை பட்டதை நானேதான் மாப்ளே கவனிச்சேன்" என்றார். "அவ சொல்லுறதுக்கு முன்னாலேயே தெரிஞ்சுது."

"சரி மச்சான்" என்றேன். வாய் சொல்கிற பொய்யால் யார் வயிற்றிலும் கிருமி போகாது. சொல்லிவிட்டுப் போகட்டும். சாயங்காலப் பைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"நான் எங்கே போகுதேன்? இங்கேயேதான் இருப்பேன்" என்றார், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.